செஸ் புராஜெக்ட் கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்: டீட்ரிஷ் பிரின்ஸ் தொடங்கிய இடத்தில் தொடங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

கல்லூரியில் கணினி அறிவியல் படிப்பவர்களுக்கும், மேல்நிலைப் பள்ளியில் நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கும் "செஸ் விளையாடும் புரோகிராம் ஒன்று எழுதி வா" என்று புராஜெக்ட் கொடுக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறோம். நாங்கள் செஸ் நிரல்கள் எழுதுபவர்கள். பிறர் எழுதியவற்றில் பிழை தேடித் திருத்துபவர்கள். நீங்கள் தரும் தலைப்பு அருமையானது, அதை விட்டுவிடாதீர்கள். தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வழக்கமாக நடப்பது உங்களுக்கே தெரியும். மாணவர் முதலில் அழகான பலகை ஒன்றைத் திரையில் வரைகிறார். பிறகு மினிமேக்ஸ், அதாவது தனக்குச் சிறந்த நகர்வையும் எதிரிக்குச் சிறந்த பதிலையும் மாறி மாறிப் பார்க்கும் தேடல். பிறகு எங்கிருந்தோ எடுத்த ஒரு மதிப்பீட்டு அட்டவணை, ராணிக்கு 9, யானைக்கு 5 என்று. ஆழம் 3 என்று வைத்து, முடிவை மாற்றாத கிளைகளை வெட்டித் தேடலைச் சுருக்கும் ஆல்ஃபா-பீட்டாவும் சேர்த்துக் காட்டுகிறார். புரோகிராம் ஏதோ ஒரு காயை நகர்த்துகிறது. பார்ப்பவர்களுக்குத் திருப்தி. ஆனால் அதன் உள்ளே ஒரு பிஷப் பலகையின் வலது ஓரத்தைத் தாண்டி இடது ஓரத்தில் வந்து நிற்கலாம். கட்டுண்ட சிப்பாய் ராஜாவைத் திறந்துவிட்டு நகரலாம். வெட்டிய காயைத் திருப்பி வைக்கும் வரி விடுபட்டிருக்கலாம். இவை எதுவும் வெளியே தெரியாது. மோசமான நகர்வு வந்தால் "மதிப்பீடு சரியில்லை", "ஆழம் போதவில்லை" என்று சொல்லித் தப்பிவிடலாம். மதிப்பெண் போட்டு நகர்வுகளை ஒப்பிடும் நிரலில் பிழைக்கு ஒளிந்துகொள்ள எத்தனையோ இடம் உண்டு. தொடக்க மாணவரின் கையில் கொடுக்கக் கூடாத குணம் இது.

1951 நவம்பரில் மான்செஸ்டரில் டீட்ரிஷ் பிரின்ஸ் ஓடவிட்ட நிரலில் அந்த இடமே கிடையாது. கணினியில் உண்மையாக ஓடிய முதல் செஸ் நிரல் அதுதான். அது முழு ஆட்டம் ஆடவில்லை. ஒரு நிலையைக் கொடுத்தால், வெள்ளை இரண்டு நகர்வில் மேட் செய்ய வழி உண்டா, உண்டென்றால் முதல் நகர்வு எது என்று கண்டுபிடித்தது. அவ்வளவுதான். விடை சரி, அல்லது தவறு. நடுவில் எதுவுமில்லை. மதிப்பீட்டு ஃபங்ஷன் தேவையில்லை. "ஓரளவு நன்றாக ஆடுகிறது" என்று சொல்லிச் சமாளிக்கவும் முடியாது.

பிரின்ஸைப் பற்றி நம் வகுப்புகளில் அதிகம் பேசுவதில்லை என்பதால் சில வரிகள். 1903-இல் பெர்லினில் பிறந்தவர், அங்கேயே இயற்பியல் படித்தவர். நாஜி ஜெர்மனியை விட்டு இங்கிலாந்துக்கு வந்து, 1947-இல் ஃபெர்ரான்டி நிறுவனத்தில் சேர்ந்தார். ஃபெர்ரான்டி மார்க் 1 கணினி 1951 பிப்ரவரியில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்கு நிரல் எழுதுவதை ஆலன் டூரிங்கிடமும் சிசிலி பாப்பிள்வெலிடமும் பிரின்ஸ் கற்றார். அந்தக் கணினிக்கு நிரல் எழுதும் கையேடு ஒன்றையும் பின்னர் எழுதினார். அதற்கு முன்பே, தத்துவ ஆசிரியர் வுல்ஃப் மேஸுடன் சேர்ந்து ரிலேக்களால் (மின் சுவிட்சுகளால்) இயங்கும் தர்க்க இயந்திரம் ஒன்றைக் கட்டியிருந்தார். "ஏதேனும் ஒன்று", "எல்லாம்" என்ற சொற்களை இயந்திரத்துக்குப் புரியவைப்பதில் அவருக்கு இருந்த ஈடுபாடு செஸ் நிரலிலும் தெரிகிறது என்றே எங்களுக்குப் படுகிறது.

இங்கே ஒரு திருத்தமும் வேண்டும். முதல் செஸ் நிரலைக் கணினியில் ஓட்டியவர் டூரிங் என்று உங்கள் வகுப்புக் குறிப்புகளில் இருந்தால் மாற்றிவிடுங்கள். டூரிங்கும் டேவிட் சாம்பர்நவுனும் 1948-இல் வகுத்த டூரோசாம்ப் என்ற செஸ் நிரல் காகிதத்தில்தான் ஓடியது. 1952-இல் அலிக் கிளெனியுடன் நடந்த ஆட்டத்தில் டூரிங்கே உட்கார்ந்து விதிகளைக் கையால் கணக்கிட்டு நகர்த்தினார். ஒரு நகர்வுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம். 29-ஆவது நகர்வில் இயந்திரத்தின் தரப்பு ராணியை இழந்து தோற்றது. டூரிங்கின் பங்கு சிறியதல்ல, அதற்கும் வருகிறோம். ஆனால் மின்சாரம் பாய்ந்து ஓடியது பிரின்ஸின் நிரல்.

எந்த இயந்திரத்தில் ஓடியது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். மார்க் 1-இன் விரைவு நினைவகம் 8 வில்லியம்ஸ் குழாய்கள், அதாவது பிட்களைத் திரையில் மின்னூட்டப் புள்ளிகளாகச் சேமிக்கும் கதிர்க் குழாய்கள். ஒவ்வொன்றிலும் 20 பிட் கொண்ட 64 சொற்கள். மொத்தம் 10,240 பிட், அதாவது 1,280 பைட். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்து ஒன்றுக்குக் குறைந்தது 3 பைட் ஆகிறது. இந்தப் பத்தியைச் சேமிக்கவே அந்த நினைவகம் போதாது. மீதி எல்லாம் சுழலும் காந்த உருளையில் இருந்தது. வேண்டிய பகுதியை அங்கிருந்து எடுத்துவந்துதான் ஓட்ட வேண்டும். ஒரு கூட்டலுக்கு 1.2 மில்லிவினாடி. பைத்தானோ சி-யோ கிடையாது. இயந்திரக் கட்டளைகளை 5 பிட் டெலிபிரின்டர் குறிகளாக, அதுவும் சிறிய இலக்கம் முதலில் வரும்படி திருப்பி, காகித நாடாவில் துளையிட்டார்கள்.

அதனால் பிரின்ஸ் விதிகளைக் குறைத்தார். ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறும் காஸ்லிங் இல்லை. சிப்பாயின் இரட்டை அடி இல்லை, ஆகவே இரட்டை அடி வைத்த சிப்பாயைக் கடந்துபோகும்போதே வெட்டும் ஆன் பாஸானும் இல்லை. கடைசி வரிசைக்குப் போன சிப்பாய் ராணியாவதும் இல்லை. மேட்டையும், செக் இல்லாமலே நகர்வு தீர்ந்துபோகும் ஸ்டேல்மேட்டையும் அது பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு புதிருக்குப் பல ஆயிரம் நகர்வுகளைச் சோதித்தது. பழகிய ஆட்டக்காரரைவிட மெதுவாகவே விடை சொன்னது. இந்தப் பட்டியலை ஒரு பாடத்திட்டமாகவே வாசிக்கலாம். முதல் வாரத்தில் எதை விட்டுவிடலாம், பிறகு எதை எந்த வரிசையில் சேர்க்கலாம் என்று பிரின்ஸ் நமக்காகப் பிரித்து வைத்திருக்கிறார். அவர் விட்டவற்றில் கடைசியானதை மட்டும் நீங்கள் முதல் நாளே சேர்த்துவிடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

நிரலின் மூளை நான்கு அடுக்கு. வெள்ளையின் முதல் நகர்வுகளில் ஏதேனும் ஒன்று போதும். அதற்குக் கறுப்பின் எல்லாப் பதில்களையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் வெள்ளையின் இரண்டாவது நகர்வு ஏதேனும் ஒன்று போதும். அதன் பிறகு கறுப்புக்கு நகர்வு எதுவுமே இருக்கக் கூடாது, ராஜாவும் செக்கில் இருக்க வேண்டும். ஒன்று, எல்லாம், ஒன்று, எதுவுமில்லை. கரும்பலகையில் இந்த நான்கு சொற்களையும் எழுதிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுழல் என்று மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "இரண்டு நகர்வு மேட்" என்றால் மூன்று அரை நகர்வு (ஒரு தரப்பின் ஒரு நகர்வு ஓர் அரை நகர்வு) என்று கணக்குப் போட்டு ஆழத்தை 3 என்று நிறுத்திவிடுவார்கள். மேட் என்று உறுதி செய்ய நான்காவது அடுக்கையும் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது பலகை. 64 கட்டங்களை ஏ1-இலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக 0 முதல் 63 வரை எண்ணி வைத்தால், எச்4 கட்டம் 31, அதற்கு அடுத்த எண் 32, அது ஏ5. வலது ஓரத்தில் நிற்கும் ராஜா ஓர் அடி வலப்பக்கம் போனால் மேல்வரிசையின் இடது ஓரத்தில் முளைப்பார். பைத்தானில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் பிழை காட்டாது. பட்டியலின் கடைசியிலிருந்து எண்ணும். ஏ1-இலிருந்து இடப்பக்கம் போன யானை எச்8-இல் போய் நிற்கும், நிரல் வாயே திறக்காது.

இதற்கு மருந்து 120 கட்டப் பலகை. அகலம் 10, உயரம் 12. நடுவில் 8-க்கு 8, சுற்றிலும் வேலிக் கட்டங்கள். ஏ1 என்பது 21, எச்8 என்பது 98. யானைக்கு அடி 1-உம் 10-உம், கூட்டியும் கழித்தும். பிஷப்புக்கு 9-உம் 11-உம். குதிரைக்கு 8, 12, 19, 21. வெள்ளைச் சிப்பாய் 10 கூட்டி நகரும். 9 அல்லது 11 கூட்டி வெட்டும். காய் போய் விழும் கட்டம் வேலி என்றால் அந்தத் திசையை நிறுத்திவிட வேண்டும். மேலும் கீழும் இரண்டு வரிசை வேலி ஏன், இடமும் வலமும் ஒன்று மட்டும் ஏன் என்று மாணவர்களைக் கேளுங்கள். குதிரை இரண்டு கட்டம் தாவும். மேலே ஒரு வரிசை மட்டும் இருந்தால் அதைத் தாண்டிப் பட்டியலுக்கு வெளியே போய்விடும். பக்கவாட்டில் இரண்டு கட்டம் தாண்டினாலோ, ஒரு வரிசையின் வலது வேலியும் அடுத்த வரிசையின் இடது வேலியும் எண்ணில் அடுத்தடுத்து இருப்பதால், எப்படியும் ஒரு வேலியில்தான் விழும். இதைத் தானே கண்டுபிடிக்கும் மாணவர் பிறகு மறக்கவே மாட்டார்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மந்திரி என்றால் ஓர் ஊரில் ராணி, இன்னோர் ஊரில் பிஷப். வகுப்பில் குழப்பம் வராமலிருக்க பிஷப் என்றே சொல்லிவிடுங்கள். நாங்களும் அப்படியே எழுதுகிறோம்.

சோதனைக்கு ஒரு புதிர் தருகிறோம். பால் மார்ஃபியின் பெயரில் வழங்கும் சிறிய புதிர் இது. வெள்ளை: ராஜா சி8, யானை ஏ1, சிப்பாய் பி6. கறுப்பு: ராஜா ஏ8, பிஷப் பி8, சிப்பாய்கள் ஏ7, பி7. வெள்ளை நகர்த்தி இரண்டு நகர்வில் மேட். விடை, யானை ஏ6. கறுப்பு பி7 சிப்பாயால் அந்த யானையை வெட்டினால், வெள்ளைச் சிப்பாய் பி7-க்கு வந்து மேட். பிஷப் எங்கே நகர்ந்தாலும், யானை ஏ7 சிப்பாயை வெட்டி மேட்.

விடை வந்துவிட்டதா என்று மட்டும் பார்க்காதீர்கள். எண்ணிக்கையைக் கேளுங்கள். இந்த நிலையில் வெள்ளைக்குச் சட்டப்படி 16 நகர்வுகள். யானைக்கு 13: ஏ2 முதல் ஏ6 வரை ஐந்து, ஏ7-இல் வெட்டு ஒன்று, பி1 முதல் எச்1 வரை ஏழு. ராஜாவுக்கு டி7, டி8 என இரண்டு. சிப்பாய் ஏ7-ஐ வெட்டுவது ஒன்று. மாணவரின் நிரல் 17 என்று சொன்னால், பெரும்பாலும் ராஜாவை சி7-க்கு விட்டிருப்பார். அது பி8 பிஷப்பின் தாக்குதலில் இருக்கும் கட்டம். பி7-இலும் பி8-இலும் ராஜா வெட்டுவதாகக் காட்டினால், எதிரி ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்தில் நிற்கக் கூடாது என்ற சோதனை விடுபட்டிருக்கிறது.

யானை ஏ6-க்குப் போன பிறகு கறுப்புக்கு 7 பதில்கள்: பிஷப்புக்கு சி7, டி6, இ5, எஃப்4, ஜி3, எச்2 என ஆறு, பி7 சிப்பாயின் வெட்டு ஒன்று. 8 என்று வந்தால், ஏ7 சிப்பாய் பி6-ஐ வெட்டுவதை நிரல் அனுமதித்திருக்கிறது. அந்தச் சிப்பாய் கட்டுண்டது. விலகினால் ஏ6 யானைக்கு நேரே ராஜா நிற்பார். 9 என்று வந்தால் பெரும்பாலும் 64 கட்டப் பலகையின் வேலை: பிஷப் எச்2-உடன் நிற்காமல் ஏ2, பி1 என்று சுற்றி வந்திருக்கிறது. எந்த எண் வந்தால் எந்தப் பிழை என்று கையில் ஒரு குறிப்பு வைத்துக்கொண்டால், நாற்பது பேர் உள்ள வகுப்பிலும் ஒரு மணி நேரத்தில் எல்லோரையும் சரிபார்த்துவிடலாம்.

இன்னொரு பிழை இந்தப் புதிரில் எண்ணிக்கையாகத் தெரியாது, ஆனால் எல்லாவற்றையும் கெடுக்கும். நகர்வை ஆடிப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வெட்டுண்ட காயைத் திருப்பி வைக்க மறப்பது. அல்லது பைத்தானில் பலகையை இன்னொரு பெயருக்குக் கொடுத்துவிட்டு அதை நகல் என்று நம்புவது. அது நகல் ஆகாது. இரண்டு பெயருக்கும் ஒரே பலகைதான். தேடல் தொடங்கும் முன் பலகையின் உண்மையான நகல் ஒன்றை எடுத்து வைத்து, முடிந்ததும் இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு கட்டம் வேறுபட்டாலும் நிரல் நின்றுவிட வேண்டும். இந்த ஒரு வரிச் சோதனை பல இரவுகளின் தூக்கத்தை மிச்சப்படுத்தும்.

இப்போது எங்களுக்கு மிகவும் பிடித்த இடம். மேலே சொன்ன நான்கு சுழல்களை எழுதும் மாணவர், கறுப்புக்கு ஒரு தப்பிக்கும் வழி கிடைத்ததும் மீதிப் பதில்களைப் பார்க்கத் தேவையில்லை என்பதைத் தானே கண்டுகொள்வார். "எல்லாம்" என்ற நிபந்தனை ஒன்றிலேயே உடைந்துவிட்டது, பிறகு எதற்கு மற்றவை? சுழலை அங்கேயே முறித்துவிடுவார். ஆல்ஃபா-பீட்டா வெட்டின் விதை இதுதான். சரி, தவறு என்ற இடத்தில் எண்களை வைத்தால் அதுவே ஆல்ஃபா-பீட்டா. நேரடியாக ஆல்ஃபா-பீட்டாவில் தொடங்கும் மாணவருக்கு அது மனப்பாடம் செய்த சூத்திரமாகவே நின்றுவிடுகிறது. இந்த வழியாக வருபவருக்கு அது தெரிந்த பொருள்.

அடுத்த படியும் இதே புதிரில் கிடைக்கிறது. வெள்ளையின் 16 நகர்வுகளில் 15 தோற்கின்றன. அவற்றில் 13-ஐ ஒரே பதில் முறியடிக்கிறது: கறுப்புச் சிப்பாய் ஏ7-இலிருந்து ஏ6. மீதி இரண்டும் ஏ7-இல் வெட்டும் நகர்வுகள். அவை இரண்டுக்கும் பதில், பிஷப் ஏ7-இல் திருப்பி வெட்டுவது. அதனால், ஒரு நகர்வை முறியடித்த பதிலை நினைவில் வைத்து, அடுத்த நகர்வுக்கும் அதையே முதலில் முயன்றால் வேலை வெகுவாகக் குறைகிறது. ஒவ்வொரு அடுக்கிலும் எத்தனை நிலைகளைப் பார்த்தது என்று ஓர் எண்ணி வைத்து, இதைச் செய்வதற்கு முன்னும் பின்னும் அச்சிடச் சொல்லுங்கள். நகர்வுகளை வரிசைப்படுத்துவதன் அருமையை விரிவுரையால் புரியவைப்பது கடினம். அந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் புரிந்துவிடும்.

ஸ்டேல்மேட்டை முதல் நாளே சேர்க்கச் சொன்னோம். கறுப்பு ராஜா எச்8-இல் தனியாக நிற்கட்டும், வெள்ளை ராணி ஜி6-இல். கறுப்புக்கு நகர்வு இல்லை, ஆனால் செக்கும் இல்லை. பிரின்ஸின் விதிப்படி இது மேட் என்றே கணக்காகும். அவருக்கு இருந்த 1,280 பைட்டில் அந்த விட்டுக்கொடுத்தல் நியாயம். நம் மாணவருக்கு அந்த நெருக்கடி இல்லை. "இந்தக் கட்டத்தை எதிரி தாக்குகிறாரா" என்ற ஃபங்ஷன் எப்படியும் வேண்டும்; அதையே ராஜாவின் கட்டத்தின் மீது ஒருமுறை அழைத்தால் போதும்.

புதிர் தீர்க்கும் நிரல் சரியான பிறகு, பிரின்ஸ் விட்ட விதிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். இங்கும் எண்ணிக்கைதான் நடுவர். தொடக்க நிலையில் இரட்டை அடி இல்லாமல் வெள்ளைக்கு 12 நகர்வு. கறுப்பும் ஆடிய பிறகு 144 வழிகள். இரட்டை அடியைச் சேர்த்ததும் 20, 400. மூன்றாவது அரை நகர்வில் 8,902, நான்காவதில் 1,97,281, ஐந்தாவதில் 48,65,609. நான்கு வரை சரியாக வந்து ஐந்தில் 258 குறைந்தால், ஆன் பாஸான் விடுபட்டிருக்கிறது. தொடக்க நிலையிலிருந்து அது முதலில் வருவதே ஐந்தாவது அரை நகர்வில்தான், அங்கே சரியாக 258 முறை.

ஆனால் இந்த எண்கள் வந்துவிட்டன என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தொடக்க நிலையிலிருந்து காஸ்லிங் ஏழாவது அரை நகர்வுக்கு முன் வராது. சிப்பாய் பதவி உயர்வது ஒன்பதாவதில்தான். இவ்விரண்டிலும் உள்ள பிழைகளை மேலே சொன்ன எந்த எண்ணும் காட்டிக்கொடுக்காது. காஸ்லிங்குக்குத் தனி நிலைகள் வையுங்கள்: ராஜா கடக்கும் கட்டம் தாக்கப்படும் நிலை ஒன்று, ராணிப்பக்கம் பி1 தாக்கப்பட்டும் காஸ்லிங் செல்லும் நிலை ஒன்று, மூலையிலுள்ள யானை வெட்டுண்ட பிறகு உரிமை போய்விட்டதா என்று பார்க்க ஒன்று. மூன்றாவதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ராஜாவோ யானையோ நகர்ந்தால் உரிமையை நீக்க நினைவு வைத்திருப்பவர்கள், நின்ற இடத்திலேயே யானை வெட்டுப்பட்டால் நீக்க மறந்துவிடுவார்கள்.

இவ்வளவும் ஆன பிறகு மதிப்பீட்டுக்கு வாருங்கள். கிளாட் ஷானன் 1949 மார்ச் 9 அன்று நியூயார்க்கில் வாசித்து 1950-இல் அச்சான கட்டுரை இன்றும் போதுமான தொடக்கம். ராஜாவுக்கு 200, ராணிக்கு 9, யானைக்கு 5, பிஷப்புக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1. இரட்டைச் சிப்பாய், பின்தங்கிய சிப்பாய், தனிச் சிப்பாய் ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் கழிவு. கிடைக்கும் நகர்வு ஒவ்வொன்றுக்கும் 0.1 கூடுதல். எல்லாம் தன் தரப்பு கழித்தல் எதிர்த்தரப்பு. இதற்கும் உடனடிச் சோதனை உண்டு: தொடக்க நிலையில் விடை பூஜ்யம். எந்த நிலையானாலும் நிறங்களை மாற்றிப் பலகையைத் தலைகீழாக்கினால் குறி மட்டும் மாற வேண்டும், எண் மாறக் கூடாது. கறுப்புச் சிப்பாயின் திசையைத் தவறாக எழுதியவர்கள் இங்கே மாட்டுவார்கள்.

ஷானனே எச்சரித்த ஒன்று உண்டு: காய்கள் வெட்டிக்கொண்டிருக்கும் நடுவில் நிறுத்தி மதிப்பிடக் கூடாது. கடைசி அரை நகர்வில் ராணி, காவலுள்ள ஒரு சிப்பாயை வெட்டினால் நிரலுக்கு 1 மதிப்பெண் லாபம் தெரியும்; அடுத்த நொடி ராணி போவது தெரியாது. இதற்கு டூரிங் தந்த வழி மிகத் தெளிவானது. வழக்கமான ஆழம் முடிந்த பிறகும், சில நகர்வுகளை மட்டும் தொடர்ந்து பார்க்க வேண்டும்: வெட்டியதைத் திருப்பி வெட்டுதல், காவலற்ற காயை வெட்டுதல், சிறிய காயால் பெரிய காயை வெட்டுதல், மேட் செய்தல். அவை தீர்ந்து நிலை அமைதியான பிறகே மதிப்பீடு. காகிதத்தில் மட்டும் ஓடிய நிரலிலேயே இந்த யோசனை இருந்தது என்பதை நினைத்தால் எங்களுக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

லாஸ் அலமோஸ் ஆய்வகத்து நிரலைப் பற்றியும் பெர்ன்ஸ்டைன் நிரலைப் பற்றியும் ஒரு வகுப்பு பேசினால் போதும். 1956-இல் மேனியாக் 1 கணினியில், வினாடிக்கு சுமார் 11,000 செயல்களோடு, பிஷப்பே இல்லாத 6-க்கு 6 பலகையில் நான்கு அரை நகர்வு ஆழம் பார்த்தார்கள். ஒரு நகர்வுக்குச் சுமார் 12 நிமிடம் ஆனது. அடுத்த ஆண்டு ஐபிஎம் 704-இல் அலெக்ஸ் பெர்ன்ஸ்டைனும் சகாக்களும் முழுப் பலகையை வைத்துக்கொண்டு நகர்வுகளைக் குறைத்தார்கள்: ஒவ்வொரு நிலையிலும் 7 மட்டும், நான்கு அடுக்கு. 7, 49, 343, 2,401; கூட்டினால் 2,800 நிலைகள், நகர்வுக்கு 8 நிமிடம். ஒருவர் பலகையைச் சுருக்கினார், ஒருவர் கிளையைச் சுருக்கினார். எதைச் சுருக்கினால் என்ன போகும் என்ற விவாதத்துக்கு இதைவிட நல்ல இணை கிடையாது.

ஆல்ஃபா-பீட்டா இப்போது வரட்டும். ஒரு நிலைக்கு 30 நகர்வு என்று வைத்தால் நான்கு அடுக்கில் 8,10,000 முடிவு நிலைகள். நகர்வு வரிசை மிகச் சரியாக அமைந்தால் ஆல்ஃபா-பீட்டா பார்ப்பது 1,799 மட்டும். இங்கே விட்டுக்கொடுக்கக் கூடாத சோதனை ஒன்று: கிளைகளை வெட்டாத மினிமேக்ஸும் ஆல்ஃபா-பீட்டாவும் ஒரே நிலைக்கு ஒரே மதிப்பைத் தர வேண்டும், எப்போதும். வேகம் கூடி மதிப்பு மாறியிருந்தால் அது முன்னேற்றம் அல்ல, பிழை. அதற்குப் பிறகும் ஆர்வம் உள்ளவர்கள், எம்ஐடியில் ரிச்சர்ட் கிரீன்பிளாட் 1966-67-இல் பிடிபி-6 கணினியில் எழுதிய மேக் ஹேக் என்ற செஸ் நிரலிலிருந்து, பார்த்த நிலைகளை அட்டவணையில் நினைவு வைக்கும் முறையை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நிலைக்கும் ஓர் அடையாள எண் அமைக்க, ஆல்பர்ட் சோப்ரிஸ்ட் 1970-இல் தந்த வழியில் 12 வகைக் காய்களுக்கும் 64 கட்டங்களுக்கும் 768 தற்செயல் எண்கள், காஸ்லிங்குக்கு 4, ஆன் பாஸான் நெடுவரிசைக்கு 8, யார் நகர்த்த வேண்டும் என்பதற்கு 1. அந்தக் கடைசி ஒன்றை மறந்தால், வெள்ளை நகர்த்த வேண்டிய நிலையும் கறுப்பு நகர்த்த வேண்டிய நிலையும் ஒன்றாகிவிடும். நிரல் எப்போதாவது மட்டும் பைத்தியக்காரத்தனமாக ஆடும். கண்டுபிடிக்க மிகக் கடினமான பிழை அது.

உங்களிடம் கேட்பது மூன்று. புராஜெக்ட் காலத்தின் முதல் பாதியைப் பிரின்ஸின் புதிர் நிரலுக்கு ஒதுக்குங்கள். ஆடும் நிரல் இரண்டாம் பாதிக்கு. திரையில் பலகை வரைவதற்கு மதிப்பெண் வேண்டாம்; எழுத்துகளால் எட்டு வரி அச்சிட்டால் போதும், அந்த நேரம் சோதனைக்குப் போகட்டும். வாய்மொழித் தேர்வில் "உன் நிரல் ஜெயிக்கிறதா" என்று கேட்காமல், இதுவரை காட்டாத ஒரு நிலையைக் கொடுத்து "இங்கே எத்தனை நகர்வு, கையால் எண்ணிச் சொல், பிறகு நிரலைக் கேள்" என்று சொல்லுங்கள். இரண்டு எண்ணும் வேறாக வந்தால் அந்த மாணவரை அங்கேயே உட்காரவைத்து, எது தவறு என்று அவரே கண்டுபிடிக்கும்வரை நேரம் கொடுங்கள்.

அன்புடன்,
செஸ் நிரல் எழுதுவோர் சிலர்